“அது வேற குதிரை” என்று சொன்ன மகளோடு த லாஸ்ட் கார்டியன் ஆடலாமா?

பழைய கன்ட்ரோலர் – நவம்பர் 2016

டிசம்பர் 6ஆம் தேதி த லாஸ்ட் கார்டியன் கேம் வருகிறது. இந்த முறை நிஜமாகவே வந்துவிடும் போலிருக்கிறது. அக்டோபர் 25 என்று சொல்லிவிட்டு செப்டம்பரில் மறுபடியும் தள்ளிவைத்தபோதுகூட எனக்குக் கோபம் வரவில்லை. ஏழு வருடம் காத்திருந்தவனுக்கு ஆறு வாரம் எல்லாம் ஒரு கணக்கா?

2009 ஜூனில் அந்த முதல் டிரெய்லரைப் பார்த்தபோது என் மனைவிக்கு நிறைமாதம். ஒரு சின்னப் பையன், யானையைவிடப் பெரிய ஒரு விலங்கு. பூனையா, பறவையா, நாயா என்று சொல்ல முடியாத உருவம், உடம்பு முழுக்க இறகு. பையன் அதன் முதுகில் குத்தியிருக்கும் ஈட்டியைப் பிடுங்குகிறான். அவ்வளவுதான் காட்டினார்கள், நான் விழுந்துவிட்டேன். பிறகு 2011 கடைசியில் வரும் என்றார்கள். அதற்குள் மகள் நடக்கத் தொடங்கிவிட்டாள். தள்ளிப்போட்டார்கள். இயக்குநர் ஃபுமிதோ உவேதா சோனியை விட்டு விலகிவிட்டார், ஆனாலும் வெளியிலிருந்து கேமைத் தொடர்ந்து செய்கிறார் என்று செய்தி வந்தது. மகள் பள்ளிக்குப் போனாள். 2015இல் திடீரென்று மறுபடியும் மேடையில் காட்டினார்கள், இந்த முறை பிளேஸ்டேஷன் 4க்கு. இப்போது அவளுக்கு முன்பல் விழுந்து புதுப்பல்லே முளைத்துவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் கேம் ஆடும்போது அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாள். கன்ட்ரோலரைத் தொடமாட்டாள், உத்தரவு மட்டும் வரும். கடந்த விடுமுறையில் பிளேஸ்டேஷன் 3இல் ஷேடோ ஆஃப் த கொலாசஸை மறுபடியும் ஆடினேன். (இனி எழுதுவதில் அந்தக் கேமின் முடிவு இருக்கிறது. 2005இல் வந்தது, அதனால் தயக்கமில்லாமல் சொல்கிறேன்.) அதில் பதினாறு ராட்சத உருவங்களை வீழ்த்த வேண்டும். அவளுக்கு அந்தப் பதினாறும் ஒரு பொருட்டே இல்லை. குதிரைதான் எல்லாம். அக்ரோ என்று பெயர். பட்டனை அழுத்தினால் பையன் “அக்ரோ!” என்று கத்துவான், இவளும் கூடவே கத்துவாள். ஒவ்வொரு சண்டை முடிந்ததும் குதிரையைத் தடவிக்கொடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த இடத்துக்குப் போக அனுமதி கிடையாது.

கடைசி ராட்சதனுக்கு முன்னால் ஒரு பாலம் வரும். ஆடியவர்களுக்குத் தெரியும். பாலம் இடிகிறது, குதிரை நம்மை முன்னால் தூக்கி எறிந்துவிட்டுத் தான் மட்டும் பள்ளத்தில் விழுகிறது. அவள் அழவில்லை. அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். எதுவும் சொல்லாமல் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அன்று இரவே தனியாக உட்கார்ந்து முடித்தேன். கடைசியில் குதிரை நொண்டிக்கொண்டு திரும்பி வருகிறதல்லவா, அதைக் காலையில் அவளிடம் சொன்னேன். “பொய்” என்றாள். யாரோ பதிவு செய்து வைத்திருந்த முடிவுக் காட்சியைத் தேடி எடுத்துக் காட்டினேன். கடைசிவரை பார்த்தாள். பார்த்துவிட்டுச் சொன்னது: “அது வேற குதிரை.”

அதன் பிறகு அந்தக் கேமைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சே இல்லை.

போன வாரம் த லாஸ்ட் கார்டியன் டிரெய்லரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றிருக்கிறாள், கவனிக்கவில்லை. இடிந்த கோபுரங்களுக்கு நடுவே அந்தப் பெரிய உடம்பு தாவுகிறது. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: “இது விழுமா?” தெரியாதும்மா என்றேன். சரி, அப்போது நீங்கள் முதலில் பார்த்துவிட்டு என்னிடம் சொல்லுங்கள் என்று போய்விட்டாள்.

ஆனால் நான் முதலில் தனியாகப் பார்க்க விரும்பவில்லை. ஏழு வருடமாக நான் கற்பனை செய்து வைத்திருப்பது அவளோடு சேர்ந்து பார்ப்பதைத்தான். அதனால் கேட்கிறேன். உவேதாவின் பழைய கேம்களை வைத்துப் பார்த்தால் த்ரிகோவுக்கு, அதாவது அந்த விலங்குக்கு, என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள்? அது சொன்னபடி உடனே கேட்காது என்று முன்கூட்டியே ஆடிப் பார்த்தவர்கள் எழுதுகிறார்கள், ஏழு வயதுப் பிள்ளைக்கு அந்தப் பொறுமை வருமா? எனக்கே வருமா என்பது தனிக் கேள்வி. அப்புறம், இன்னும் மூன்று நான்கு வாரம் இருக்கிறது. விலங்கு சாகாத கேம் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், அவளை மெதுவாகத் திரும்ப அழைத்து வர வேண்டும்.

யாருக்காவது முடிவு எப்படியோ தெரிந்திருந்தால் தயவுசெய்து இங்கே எழுதாதீர்கள். ஆனால் அவள் உட்கார்ந்து பார்க்கலாமா என்பது மட்டும் எனக்குத் தெரிந்தாக வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் என்பது எனக்கே தெரிகிறது.

---

முக்கோணம் – அன்று மாலை

முடிவு எனக்கும் தெரியாது, அதனால் தைரியமாக ஊகிக்கிறேன்.

உவேதா இதுவரை இரண்டு கேம்தான் இயக்கியிருக்கிறார். இரண்டிலும் துணையைப் பறிக்கிறார், பிறகு திருப்பித் தருகிறார். 2001இல் வந்த இகோவில், கேம் முழுக்க நாம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடிய யோர்டா என்ற பெண், கடைசியில் நிழலாக மாறிப் பையனைப் படகில் ஏற்றி அனுப்பிவிடுகிறாள். கோட்டை இடிகிறது. போய்விட்டாள் என்று நினைக்கும்போது கடற்கரையில் கிடக்கிறாள். அது நிஜமா கனவா என்று இன்னும் சண்டை போடுகிறோம், அது வேறு. அக்ரோவும் அப்படித்தான், பள்ளத்தில் போட்டுவிட்டு நொண்ட வைத்துத் திருப்பிக் கொடுத்தார். ஆகவே என் பந்தயம்: த்ரிகோ விழும், ஆனால் எழும். எழும்போது முன்புபோல இருக்காது. உங்கள் மகளுக்கு முதல் பாதியைச் சொல்லாமல் இரண்டாம் பாதியை மட்டும் சொல்ல வழியிருந்தால் சொல்லுங்கள்.

சொன்னபடி கேட்காது என்பதைப் பற்றி. இது புதிதில்லை. அக்ரோவை ஓட்டியபோது கவனித்திருப்பீர்கள், குதிரையின் தலையை நாம் திருப்புவதில்லை. இந்தப் பக்கம் போகலாம் என்று சொல்கிறோம், எப்படிப் போவது என்பதைக் குதிரை பார்த்துக்கொள்ளும். நடுவில் மரம் வந்தால் தானே விலகும். பள்ளத்தின் விளிம்பில் தானே நின்றுவிடும். சில நேரம் கூப்பிட்டாலும் உடனே திரும்பாது. நிஜக் குதிரை எல்லா நேரமும் கேட்காது, அதனால் வேண்டுமென்றேதான் அப்படி வைத்தோம் என்று உவேதா பேட்டியில் சொல்லியிருக்கிறார். அப்போது பலர் திட்டினார்கள். எனக்கு அதுதான் பிடித்தது. திருப்பிய நொடியில் திரும்பினால் அது குதிரை இல்லை, மோட்டார் சைக்கிள்.

அந்தக் குதிரை மேல் ஆட்கள் வைத்த பாசத்தைப் பார்த்துத்தான் த்ரிகோ என்ற எண்ணமே வந்தது என்பார்கள். இந்த முறை விலங்கு ஓரத்தில் இல்லை, கேமே அதுதான். பையனால் தனியாக எதுவும் முடியாது, உயரமான இடத்துக்கு ஏற வேண்டும் என்றால் அதன் முதுகுதான் ஏணி. ஏன் இத்தனை வருடம் ஆயிற்று என்று கேட்கிறவர்கள் அந்த உடம்பை ஒரு முறை நன்றாகப் பார்க்க வேண்டும். அசைவுகளை நிஜ விலங்கிலிருந்து பதிவு செய்ய வழியில்லை, அப்படி ஒரு விலங்கே கிடையாதே. கையால் ஒவ்வொன்றாகச் செய்திருக்கிறார்கள். அதோடு அந்த உடம்பு இடிந்த மதில், குறுகலான வாசல், உடைந்த தூண் என்று எங்கே போனாலும் கால் எங்கே படும், தலை எங்கே இடிக்கும் என்று அதற்கே தெரிய வேண்டும். மேலே இறகு வேறு காற்றில் அசைய வேண்டும். பிளேஸ்டேஷன் 3ஆல் அதைத் தாங்க முடியவில்லை.

பெயரைப் பற்றி ஒன்று. ஜப்பானிய மொழியில் ‘டொரிகோ’ என்றால் சிறைப்பட்டது என்று ஒரு பொருள். பறவைக் குஞ்சு என்றும் கொள்ளலாம். பறவைக்கான ‘டொரி’யும் பூனைக்கான ‘நெகோ’வும் கலந்ததாகவும் கேட்கும். மூன்றும் சேர்ந்துதான் அந்த உருவம்.

---

மூன்று உயிர் – மறுநாள்

எல்லோரும் இப்படி உருகினால் நான் கொஞ்சம் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறது.

விலங்கைக் கொன்று கண்ணீர் வரவைப்பது கேம் செய்கிறவர்களுக்கு மிக எளிய வழி. 2008இல் ஃபேபிள் 2 ஆடினேன். அதில் ஒரு நாய். திரையில் சின்ன வரைபடம் கிடையாது, நாய்தான் வரைபடம். புதையல் இருந்தால் குரைக்கும், எதிரி வந்தால் உறுமும். முப்பது மணி நேரம் அதன் வாலைப் பார்த்தே நடந்தேன். கடைசியில் நமக்கு வந்த குண்டைத் தான் வாங்கிக்கொண்டு செத்துப்போகிறது. அதற்குப் பிறகு மூன்று வரம் தருகிறார்கள், ஒன்றைத்தான் எடுக்கலாம். ஒன்றில் செத்துப்போன ஆயிரக்கணக்கான பேர் உயிரோடு வருவார்கள். ஒன்றில் குடும்பமும் நாயும் திரும்பும். ஒன்றில் பணம். நான் பெரிய நல்லவனாட்டம் ஆயிரக்கணக்கான பேரை எடுத்தேன். முடிவுக்குப் பிறகும் அந்த உலகத்தில் சுற்றலாம் என்று விடுகிறார்கள். சுற்றினேன். குரைப்பதற்கு யாரும் இல்லை. அரை மணி நேரத்தில் அணைத்துவிட்டேன், அதோடு சரி. உயிர் பெற்று வந்த அந்த ஆயிரக்கணக்கான பேரில் ஒருவரையும் நான் பார்க்கவில்லை.

இதற்கு நேர் எதிர், போன வருடம் வந்த ஃபால்அவுட் 4. டாக்மீட் என்று ஒரு ஜெர்மன் ஷெப்பர்ட். நிஜ நாய் ஒன்றைப் பார்த்து, அதன் குரலையும் பதிவு செய்து செய்தார்கள். இந்த நாய் சாகவே சாகாது. அடிபட்டால் உட்கார்ந்து முனகும், ஊசி போட்டால் எழுந்துவிடும். நல்லதுதானே என்பீர்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? பத்து நாளில் கண்ணிவெடி இருக்கும் அறைக்குள் அதை முதலில் அனுப்பப் பழகிவிட்டேன். சாகாது என்று தெரிந்ததும் அது எனக்கு ஒரு கருவி ஆகிவிட்டது. என்னைப் பற்றி நானே கொஞ்சம் தெரிந்துகொண்டேன், பிடிக்கவில்லை.

த்ரிகோவுக்கு வருவோம். என் பயம் அது சாவதில்லை, கேமரா. அவ்வளவு பெரிய விலங்கு ஒரு குறுகலான அறையில் திரும்பும்போது கேமரா எங்கே போகும்? சுவருக்குள் போகும், இல்லை இறகுக்குள் போகும். ஆடிப் பார்த்தவர்கள் ஏற்கெனவே புலம்புகிறார்கள். ஏழு வருடப் பழைய எலும்புக்கூட்டின் மேல் புதுத் தோலைப் போர்த்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான். நானும் வாங்குவேன், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் முதல் நாள் குழந்தையை உட்காரவைத்துக்கொண்டு வாங்கமாட்டேன்.

இன்னொன்று. ஜப்பானில் அந்தக் கேமின் பெயர் ‘மனிதரைத் தின்னும் பெருங்கழுகு த்ரிகோ’ என்று பொருள்படும். மகளிடம் சொல்லிவிடாதீர்கள்.

---

மறுபடியும் சொல் – அன்று இரவு

நான் அதிகம் கேம் ஆடுகிறவள் இல்லை. நாய்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. தம்பி அந்த 2015 டிரெய்லரை அனுப்பி “இதைப் பார் அக்கா, உன் வேலைக்கு வரும்” என்றான். பார்த்தேன். நான்கைந்து முறை பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அதில் ஒரு இடம் வருகிறது. பையன் அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிடுகிறான். நடுவில் பெரிய இடைவெளி. விலங்கு உடனே தாவவில்லை. விளிம்புக்கு வருகிறது, கீழே பார்க்கிறது, எடையைப் பின்னங்கால்களுக்கு மாற்றுகிறது, மாற்றிவிட்டு மனம் மாறி ஒரு அடி பின்வாங்குகிறது. காது முன்னும் பின்னும் போகிறது. அப்புறம்தான் தாவுகிறது. இதை வரைந்தவர் யாரோ விலங்கோடு வாழ்ந்திருக்கிறார். சொன்னதைக் கேட்காத நாய்க்கும், கேட்டுவிட்டு யோசிக்கிற நாய்க்கும் வித்தியாசம் பார்க்க என்னிடம் வருகிறவர்களுக்கு ஒரு மாதம் பிடிக்கும். இங்கே அது ஐந்து நொடியில் இருக்கிறது.

உங்கள் பொறுமைக் கேள்விக்கு என் தொழிலிலிருந்து ஒரு பதில். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் செய்கிற தவறு ஒன்றே ஒன்று. “உட்கார், உட்கார், உட்கார்” என்று பத்து முறை சொல்வார்கள். பத்தாவது முறை நாய் உட்காரும். நாய் அங்கே என்ன கற்றுக்கொள்கிறது? முதல் ஒன்பது வெறும் சத்தம், பத்தாவதுதான் சொல் என்று. ஒரு முறை சொல்லுங்கள். வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். அது வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது, உள்ளே. இந்தக் கேமை நிஜமாகவே அந்த விலங்கை மனதில் வைத்துச் செய்திருந்தால், கூப்பிடும் பட்டனை நீங்கள் போட்டு அழுத்த அழுத்த அது உங்களை மதிக்காது. குழந்தைகள் இதில் பெரியவர்களைவிட நன்றாகச் செய்வார்கள். அவர்களுக்கு நேரம் போனால் கவலை இல்லை.

மூன்று வாரத்துக்கு நான் சொல்வது நின்டென்டாக்ஸ் என்ற கேம். 2005இல் நின்டென்டோவின் கையடக்கக் கருவியான டிஎஸ்ஸுக்கு வந்தது. பழைய கருவி யாரிடமாவது கிடக்கும். அதில் நாய்க்குட்டி சாகவே சாகாது, வளரவும் வளராது. கவனிக்காமல் விட்டால் அழுக்காகும், கோபித்துக்கொள்ளும். பெயரை நாமே மைக்கில் சொல்லிப் பழக்க வேண்டும். ஒரே மாதிரிக் குரலில் சொன்னால்தான் பிடித்துக்கொள்ளும், கத்தினால் திருதிருவென்று விழிக்கும். எனக்குத் தெரிந்த நான்கைந்து மனிதர்களுக்கு இதைக் கட்டாயமாக்க வேண்டும்.

என் தம்பி ஹான்டிங் கிரவுண்ட் என்று ஒன்றைச் சொல்வான், அதுவும் 2005. வெள்ளை நாய் ஒன்று துணைக்கு வரும், வலது குச்சியால் கட்டளையிட வேண்டும், பாராட்டவும் கண்டிக்கவும் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் அது கேட்காது. ஆனால் அது பயங்கரமான திகில் கேம், குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். நீங்கள் மட்டும் இரவில் ஆடிப் பழகிக்கொள்ளலாம்.

கடைசியாக, குதிரை விஷயம். அது அதே குதிரைதான் என்று அவளோடு வாதாடாதீர்கள். அவள் நாள் கணக்கில் தடவிக்கொடுத்த குதிரை நீங்கள் ஓட்டிய குதிரை. நீங்கள் காட்டியது வேறு யாரோ ஒருவர் ஓட்டிய குதிரை. அவள் சொன்னது சரிதான்.

---

பழைய கன்ட்ரோலர் – ஒரு வாரம் கழித்து

அக்கா, உங்கள் கடைசி வரியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத வரவில்லை. நான் முழுக் கேமையும் முடித்து வைத்திருந்தேன். ஆனால் அவளுக்குக் காட்டியது யாரோ பதிவு செய்த காட்சி. என் சேவ் ஃபைலில் கடைசிச் சண்டைக்குப் போய் அங்கிருந்து காட்டியிருக்கலாம். சோம்பேறித்தனம்.

டிஎஸ் கிடைத்தது. நாய்க்குட்டிக்கு என்ன பெயர் வைத்தாள் என்று சொல்லத் தேவையில்லை. “அக்ரோ” என்று மைக்கில் நூறு முறை கத்தினாள், அது வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டாம் நாள் தானாகவே குரலைத் தாழ்த்திக்கொண்டாள். நான் கூப்பிட்டால் இன்னும் வரமாட்டேன் என்கிறது. அதில் அவளுக்கு ஒரு திருப்தி.

மைன்கிராஃப்டும் ஆடிப் பார்த்தோம். ஓநாய்க்கு எலும்பு கொடுத்துப் பழக்கினாள். வால் தாழ்ந்தால் அடிபட்டிருக்கிறது என்று அவளே கண்டுபிடித்துச் சொன்னாள். அது சாகக்கூடியது என்று தெரிந்ததும் வீட்டுக்குள் உட்காரவைத்துவிட்டாள். இப்போது எங்கே போனாலும் தனியாகத்தான் போகிறோம், ஓநாய் வீட்டைக் காக்கிறது. ஃபால்அவுட்டில் கண்ணிவெடி அறைக்கு நாயை அனுப்பிய நண்பருக்கு இதைச் சொல்லச் சொன்னாள். உங்கள் மேல் அவளுக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை.

---

மூன்று உயிர் – அன்றே

நியாயம். இனிமேல் அனுப்பமாட்டேன் என்று சொல்லுங்கள்.

---

பழைய கன்ட்ரோலர் – டிசம்பர் 2016 கடைசியில்

முடித்துவிட்டோம். சேர்ந்துதான். கதையைக் கெடுக்காமல் எழுதப் பார்க்கிறேன், ஆரம்பத்தில் வருகிற சிலவற்றை மட்டும் சொல்வேன்.

முதலில் நண்பருக்கு: கேமரா பற்றி நீங்கள் சொன்னதெல்லாம் சரி. ஒரு சின்ன அறையில் நான் ஐந்து நிமிடம் வெறும் இறகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்களுடையது சாதாரண பிளேஸ்டேஷன் 4, பெரிய திறந்தவெளி வரும்போது படம் தடுமாறுகிறது. பையன் ஓடும்போது குடித்தவன்போலக் கால் பின்னுகிறான். தாவும் பட்டனுக்குப் பதிலாக இறங்கும் பட்டனை அழுத்தி எத்தனை முறை விழுந்தேன் என்று கணக்கில்லை. இதை யாராவது மோசமான கேம் என்று சொன்னால் நான் சண்டைக்குப் போகமாட்டேன்.

தொடக்கத்திலேயே த்ரிகோ சங்கிலியில் கட்டப்பட்டு, உடம்பில் ஈட்டியோடு கிடக்கிறது. பிடுங்கினால் வலியில் நம்மைத் தூக்கி எறிகிறது. சாப்பிடப் பீப்பாய் ஒன்றைக் கொண்டுபோய் வைத்தேன். தொடவில்லை. இன்னும் பக்கத்தில் தள்ளினேன். உறுமியது. “தள்ளி நில்லுங்கப்பா, நீங்க பார்த்துக்கிட்டே இருந்தா அது எப்படிச் சாப்பிடும்?” என்றாள். தள்ளி நின்றேன். சாப்பிட்டது.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு குளம் வருகிறது. நாம் குதித்துவிடலாம், த்ரிகோ இறங்காது. கரையில் நின்று தண்ணீரைப் பார்க்கிறது, பாதத்தைத் தூக்குகிறது, வைத்துவிடுகிறது. நான் கூப்பிடும் பட்டனான ஆர்1ஐ அழுத்தினேன். மறுபடி அழுத்தினேன். பதினைந்து முறை இருக்கும். அக்கா எழுதியதெல்லாம் எனக்கு மனப்பாடம், ஆனால் விரல் கேட்க வேண்டுமே. அப்போதுதான் அவள் முதல்முறையாகக் கன்ட்ரோலரை என் கையிலிருந்து வாங்கினாள். வாங்கி, எதையும் அழுத்தாமல் மடியில் வைத்துக்கொண்டாள். “அதுக்குக் கேட்டுடுச்சு. யோசிக்குது.”

உடனே இறங்கிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். இறங்கவில்லை. பிறகு பீப்பாயைத் தேடிக் கொண்டுவந்து காட்டித்தான் இறங்கவைத்தோம். ஆனால் அதற்குப் பிறகு கன்ட்ரோலர் பாதி நேரம் அவளிடம்தான் இருந்தது. கூப்பிடுவது, தடவிக்கொடுப்பது, ஈட்டி பிடுங்குவது அவள் வேலை. தாவுவதும் விழுவதும் என் வேலை. ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் த்ரிகோ வெறிபிடித்ததுபோல நிற்கும், மேலே ஏறித் தடவினால்தான் அடங்கும். வாலில் குத்தியிருக்கும் கடைசி ஈட்டிவரை பிடுங்காமல் அடுத்த கதவைத் திறக்க விடமாட்டாள். ஒரு முறை ஒன்றை விட்டுவிட்டேன் என்று பாதி வழியிலிருந்து நிறுத்தவைத்தாள்.

அவளுடைய கேள்வி நினைவிருக்கிறதா, “இது விழுமா?” என்று. டிரெய்லரில் காட்டிய அந்த இடிகிற பாலம் வந்தபோது நான் கன்ட்ரோலரை அவளிடம் கொடுக்கவில்லை. பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்துகொண்டாள். அந்தப் பக்கத்தில் த்ரிகோ இருக்கிறது. பையன் தாவ வேண்டும், தூரமோ எட்டாது. தாவினேன். த்ரிகோ வாயால் பிடிக்கப் பார்த்தது, தவறிவிட்டது. இவள் என் கையைப் பிடித்த இடத்தில் இரண்டு நாள் தடம் இருந்தது. பையன் கீழே போய்க்கொண்டிருக்கும்போது எங்கிருந்தோ வால் வந்தது.

மூச்சு விட்டுவிட்டுச் சொன்னாள்: “விழுறது நாமதான்பா.”

முடிவைச் சொல்லமாட்டேன். முக்கோணம், உங்கள் பந்தயத்தைப் பற்றியும் எதுவும் சொல்லமாட்டேன், நீங்களே ஆடித் தெரிந்துகொள்ளுங்கள். கடைசி ஒரு மணி நேரம் கடினமானது, அதை மட்டும் பெற்றோர்கள் தெரிந்துகொள்ளலாம். நடுவில் இரண்டு முறை நிறுத்தலாமா என்று கேட்டேன். பதில் வரவில்லை, ஆனால் எழுந்து உள்ளே போகவும் இல்லை. பெயர்ப் பட்டியல் முழுவதும் ஓடி முடிந்து, அதற்குப் பிறகு வருகிறதையும் பார்த்துவிட்டுத்தான் எழுந்தாள்.

மறுநாள் காலை, பழைய பிளேஸ்டேஷன் 3ஐ வைத்திருக்கும் பெட்டியைத் திறந்து உட்கார்ந்திருந்தாள். பாலம் தாண்டிய இடத்தில் என் சேவ் ஃபைல் அப்படியே இருந்தது. கடைசி ராட்சதனை நான் வீழ்த்த ஒன்றரை மணி நேரம் ஆனது, அவள் உத்தரவு போட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு அந்தக் காட்சி வந்தது, குதிரை உள்ளே வருகிறது.

“கால் நொண்டுது” என்றாள்.

வேற குதிரை என்று சொல்லவில்லை.